கன்னத்தை நீட்டிய மிர்த்தோ

எங்கள் அரசி பர்மிஸ் பாரசீகப் பிரபு வீட்டுப் பெண். அவளைக் கட்டிய கிரேக்கத் தளபதி ஏவாந்தர், அவளை விலக்கிவிட்டு மிர்த்தோ என்ற இளம் கிரேக்கப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். பர்மிஸ் கருங்கடல் கரைக்கு வந்து, எங்கள் மீனவ ஊர்களைச் சேர்த்து ஒரே நகரமாக்கித் தானே ஆண்டாள். நானும் சர்தோக்கும் அவளுடைய பல்லக்குச் சுமப்பவர்கள்.

புது மனைவியோடு விருந்துக்கு வருவதாக ஏவாந்தர் சொல்லி அனுப்பினார். மரியாதை குறைந்தால் அடுத்துப் படைதான் வரும்.

பாரசீகர் சந்தித்தால் சமமானவருக்கு உதட்டில் முத்தம், ஒரு படி தாழ்ந்தவருக்குக் கன்னத்தில். எங்களைப் போன்றவர்கள் மண்ணில் விழ வேண்டியதுதான்.

"உதட்டுலதான் குடுத்தாகணும்," துறைக்குப் போகிற வழியெல்லாம் பல்லக்குக்குள்ளே அரசி பொருமினாள். "ஊரே பாக்க அவளும் நானும் ஒண்ணுன்னு ஆயிடும். அதுக்கு நான் கடல்ல விழலாம்."

"விழுந்தாலும் நாமதான் தூக்கணும்," என்று சர்தோக் முணுமுணுத்தான்.

"காது கேக்குதுடா எனக்கு!"

கப்பலிலிருந்து இறங்கிய ஏவாந்தரின் உதட்டில், மரக்கட்டையை முத்தமிடுவதுபோல் அரசி முத்தமிட்டாள். பிறகு மிர்த்தோவிடம் குனிந்தாள். அந்தப் பெண்ணுக்கு வழக்கம் தெரியவில்லை. வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக் கன்னத்தை நீட்டிவிட்டாள்.

கூட்டத்திலிருந்த பாரசீகர்கள் வாயடைத்து நின்றார்கள். ஏவாந்தருக்குக் காதெல்லாம் சிவந்தது. தானாக நீட்டியதற்கு யாரைக் குறை சொல்வது? அரசி அந்தக் கன்னத்தில் நிதானமாக முத்தமிட்டாள்.

"ஏங்க, நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டேனா?" என்று மிர்த்தோ அவரைக் கேட்டாள்.

"ஒண்ணுமில்லடா கண்ணு, வா," என்று ஏவாந்தர் அவள் முகத்தில் தெறித்திருந்த உப்புநீரைத் துடைத்துவிட்டு, தோளணைத்து அழைத்துப் போனார்.

நாங்கள் பல்லக்கைத் தூக்கினோம். அன்றைக்குத் தோள்வலிகூடத் தெரியவில்லை.

"ஜெயிச்சிட்டீங்க தாயே!" என்றான் சர்தோக். "இனிமே அவங்க உங்களுக்கு ஒரு படி கீழதான்."

அரசி திரையை விலக்கி, முன்னே போகிற அவர்களைப் பார்த்தாள்.

"அவரு கோவமே படல பாத்தியாடா," என்றாள். "நான் ஒரு சொல்லு தப்பாச் சொன்னா சாப்பாட்டுத் தட்டு பறக்கும். அவளுக்கு மூஞ்சி தொடச்சு விடுறாரு."

சர்தோக் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்து நடந்தேன்.

"விருந்துல அவளை என் பக்கத்துல ஒக்கார வைக்கக் கூடாதுன்னு சொல்லிடு. அவரு பக்கத்துலயும் வேண்டாம்."

"அப்ப எங்க தாயே ஒக்காருவாங்க?"

அரசி திரையை இழுத்து மூடிக்கொண்டாள்.