நானூறு வாட்

இளவரசன் அக்குள் கட்டையை ஊன்றிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தபோது கடையில் தமிழ்செல்வி மட்டும்தான் இருந்தாள். தேரடிக்குப் பின்னால், ஒரு லாட்ஜின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் கடை அது. அவள் அங்கே சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவளைப் பார்த்ததும் 'ஆள் யாரும் இல்லையா' என்று கேட்பதுதான் வருகிறவர்களின் வழக்கம். இவன் அப்படிக் கேட்கவில்லை. நேராக அவளிடமே வந்து உட்கார்ந்தான்.

ஊர் அடி அண்ணாமலை. லாரி டிரைவராக இருந்தவன். செங்கம் தாண்டி நடந்த விபத்தில் இடது கால் முழங்காலோடு போயிற்று. வந்த நஷ்டஈட்டில் தங்கை கல்யாணத்தை முடித்து, மிச்சம் இருபத்தைந்தாயிரத்தைத் தனக்கென்று வைத்திருந்தான். ரமணாசிரமம் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் சரக்கு லாரி ஓட்டும் கேம் ஒன்றை ஆடிப் பார்த்திருக்கிறான். அதை வீட்டிலேயே ஆட வேண்டும். அதற்கு ஏற்ற மாதிரி கம்ப்யூட்டர் வேண்டும்.

"சின்னப் பசங்க சமாச்சாரம்னு நெனைப்பீங்க மேடம்."

அவள் அப்படி நினைக்கவில்லை. வண்டி மேட்டில் ஏறும்போது கியர் குறைத்தால் இன்ஜின் சத்தம் மாறுகிறதாம், அது நிஜ லாரியின் சத்தமேதான் என்று அவன் சொன்னபோது, அவனுடைய வலது கை தானாக ஒரு கியர் போட்டதை அவள் பார்த்தாள்.

மூன்று தடவை வந்தான். ஒவ்வொரு தடவையும் பேப்பரில் அடித்து அடித்து எழுதினார்கள். விளக்கு எரியும் கேபினெட் மேல் அவனுக்கு ஆசை. அந்தக் காசைக் கிராபிக்ஸ் கார்டில் போடச் சொன்னாள். ப்ராசஸரில் ஒரு படி இறங்கினாள். மானிட்டர் பழையது போதும் என்றாள். ஸ்பீக்கருக்கு வீட்டில் இருக்கும் டேப் ரெக்கார்டரையே இணைத்துக்கொள்ளலாம் என்று வழி சொன்னாள். கடைசியில், எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளைக்கு வந்தபோது அவன் அதிலும் குறைக்கப் பார்த்தான். உள்ளே மறைந்து கிடக்கிற டப்பாதானே என்றான்.

"இதுல மட்டும் கை வெக்காதீங்கண்ணா. உங்க பக்கம் வோல்டேஜ் ஏறி ஏறி எறங்கும். சப்ளை மட்டமா இருந்தா, போகும்போது கார்டையும் போர்டையும் சேத்து எடுத்துக்கினு போயிடும்."

நல்ல கம்பெனி, நானூறு வாட் என்று எழுதி அடியில் கோடு போட்டாள். அன்றிலிருந்து அவன் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்தான்.

சாமான் மெட்ராஸிலிருந்து வந்தது. முதலாளி ஆதிமூலம் எல்லாவற்றையும் அவள் மேஜையில் வைத்தார். பவர் சப்ளையைக் கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. நல்ல சப்ளை கையை இழுக்கும். இது காலி டப்பா மாதிரி இருந்தது. மேலே ஸ்டிக்கர் மட்டும் நானூறு வாட் என்றது. லிஸ்டில் எழுதியது இதில்லை என்றாள்.

ஆதிமூலம் குரலை உயர்த்துகிறவர் இல்லை. இருபத்தைந்தாயிரத்துக்குள் இத்தனையும் கொடுத்துவிட்டுக் கடைக்கு என்ன நிற்கும் என்று நிதானமாகக் கேட்டார். லிஸ்டில் இருக்கிறதையே பில்லில் எழுதச் சொன்னார். பிறகு, "உனுக்குக் கஷ்டமா இருந்தா உடும்மா. முருகையன் கடையில டைப்படிக்க ஆள் வேணும்னு கேட்டுனு இருக்கான்" என்றார்.

அவளுக்குப் புரிந்தது. அந்த ஊரில் வேறெந்தக் கடையிலும் ஒரு பொம்பளை கையில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுக்க மாட்டார்கள். பாலிடெக்னிக் முடித்துவிட்டு எட்டு மாதம் அவள் ஏறி இறங்காத கடை இல்லை. எல்லாரும் விசைப்பலகை முன்னால் ஒரு நாற்காலியைத்தான் காட்டினார்கள். இயந்திரத்தின் உள்ளே கை வைக்க விட்டவர் ஆதிமூலம் ஒருத்தர்தான்.

நான்கு திருகாணிகளையும் அவளே முடுக்கினாள். பில்லையும் அவளே எழுதினாள்.

ஆட்டோவில் வைத்துக் கொண்டுபோய் மாட்டிக் கொடுத்ததும் அவள்தான். இளவரசன் பழைய லாரி சீட் ஒன்றைத் தேடிப் பிடித்து மேஜைக்கு முன்னால் போட்டிருந்தான். கேம் ஓட ஆரம்பித்ததும் அவன் பேச்சு நின்றுவிட்டது. மழையில் ஒரு மலைப்பாதையில் லாரி ஏறிக்கொண்டிருந்தது. அவனுடைய அம்மா ஆராயி, மகன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கிளம்பும்போது தமிழ்செல்வியின் பையில் வேர்க்கடலையை அள்ளிப் போட்டாள்.

"ஒன்றரை வருஷமா இவன் இப்டி உக்காந்து நான் பாக்கல கண்ணு" என்றாள்.

கரண்ட் கம்மியாக இருக்கும்போது போட வேண்டாம் என்று மட்டும் இளவரசனிடம் சொல்லிவிட்டு வந்தாள். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை.

ஐம்பது நாள் ஓடியது. ஒரு மத்தியானம் இளவரசன் படியேறி வந்தான். பின்னால் ஆட்டோக்காரர் கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிவந்து வைத்தார். திறந்ததும் கருகல் வாடை. போர்டும் கார்டும் போயிருந்தன. ஆதிமூலம் குனிந்து பார்த்துவிட்டு, வோல்டேஜால் போனதுக்கு வாரண்டி கிடையாது என்றார். இளவரசன் அவள் பக்கம் திரும்பினான்.

"தங்கச்சி, நீ எழுதிக் குடுத்த சப்ளைதான இது?"

கேட்ட குரலில் சந்தேகம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். ஆதிமூலம் பில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"ஆமாண்ணா" என்றாள்.

அவன் தலையாட்டினான். அப்படியென்றால் தப்பு தன்மேல்தான் என்றான். அன்றைக்கு பல்பு மங்கித்தான் எரிந்தது, நீ சொல்லியும் கேட்காமல் போட்டுவிட்டேன் என்றான். ஏதோ அவள் பொருளை அவன் உடைத்துவிட்ட மாதிரி இருந்தது அவன் பேச்சு. அவள் எரிந்துபோன கார்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். ஆட்டோக்காரர் பெட்டியை மறுபடி தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினார். அவன் படியிறங்கும் சத்தம், கட்டையும் காலுமாக, கடைசிப் படி வரைக்கும் கேட்டது.

அந்த மாதச் சம்பளத்தில் வேலூருக்குப் போய் நல்ல சப்ளை ஒன்று வாங்கினாள். பழைய கார்டும் போர்டும் மலிவாக எங்காவது கிடைக்கும், தேடிப் பிடித்துப் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று மனசுக்குள் கணக்கு. நடந்ததைச் சொல்லிவிடுவது என்றும் முடிவு செய்திருந்தாள்.

அவன் வீட்டில் இல்லை. கிரிவலப் பாதையில், செருப்பு வைக்கும் இடத்தில் டோக்கன் கொடுக்க உட்கார்ந்திருந்தான். அன்று பௌர்ணமி. சாயங்காலக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பக்கத்து ஸ்டூலைத் தட்டிக் காட்டினான். கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டதாகச் சொன்னான். அம்மாதான் தினம் அதைப் பார்த்துப் பார்த்து அழுதாளாம். லாரி சீட்டும் போய்விட்டது.

அவள் பையின் வாயைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, அந்த சப்ளை..." என்று தொடங்கினாள்.

"அத்த வுடு தங்கச்சி" என்றான் அவன். பிறகு, டோக்கன் வாங்க நின்றிருந்த கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டான். சின்னசாமி, அரிசி மில் சூப்பர்வைசர். "சார், கம்ப்யூட்டர் கேட்டீங்களே. இவங்கதான். எனுக்கு ஒரு பைசா ஏமாத்தல. என் நேரம், எரிஞ்சிபோச்சு."

சின்னசாமி அவளைப் பார்த்துக் கும்பிட்டார்.

அவளும் கும்பிட்டாள். கூட்டம் நெருக்கியது. செருப்பை நீட்டிக்கொண்டு ஆட்கள் முன்னால் வந்தார்கள். இளவரசன் அவர்கள் பக்கம் திரும்பிவிட்டான். சப்ளை இருந்த பை தோளை இழுக்க, அவள் பஸ்ஸுக்கு நடந்தாள்.

திங்கட்கிழமை காலையில் சின்னசாமி கடைக்கு வந்தார். பையனுக்குக் கேம் ஆட வேண்டும் என்றார். நீங்கள் எழுதிக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று இளவரசன் சொன்னதாகச் சொன்னார். ஆதிமூலம் உள்ளேயிருந்து தானே ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து போட்டார். டீ சொல்லட்டுமா என்று கேட்டார்.

தமிழ்செல்வி ஒரு வெள்ளைப் பேப்பரை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"எவ்ளோக்குள்ள பாக்குறீங்க சார்?" என்று கேட்டாள்.