கொம்பில்லாத வண்டின் நெற்றி

1.
இந்தக் கதை ஓர் அலறலில் பிறந்தது. கான்சஸில் நான் வேலை பார்த்த பூச்சி ஆய்வகத்தில், பக்கத்து மேசை தெல்மா ரூக்ஸ்பி நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுக்காமலே போட்ட அலறல். அதிலிருந்தே தொடங்க ஆசைதான். ஆனால் எதற்கு அலறினாள் என்று புரிய, முந்தின நாள் மத்தியானத்துக்குப் போகவேண்டும்.

2.
அன்று மழை தூறிக்கொண்டு...

(வேண்டாம். மழைக்கும் வண்டுக்கும் சம்பந்தமில்லை.)

தெல்மா சாணவண்டுகளின் வம்சமரத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு வரிசை, ஒவ்வோர் அடையாளத்துக்கும் ஒரு கட்டம். கொம்பு உண்டா? உண்டென்றால் 1, இல்லையென்றால் 0. கொம்பு வளைந்ததா? கிளைத்ததா? அதில் மயிர் உண்டா? கொம்பே இல்லாத வண்டுகளுக்கு இவை எல்லாவற்றுக்கும் 0 போட்டிருந்தாள். கணினி அவற்றை ஒரே கிளையில் சேர்த்துக் கொடுத்தது. கொம்பில்லாதவை ஒரே குடும்பம்! அவளுடைய முனைவர் பட்டமே அந்தக் கிளையில்தான் தொங்கியது. மறுநாள் மாலை மாநாட்டில் பேச்சு.

சக ஆராய்ச்சி மாணவன் இர்வின், கான்சஸ் வழக்கப்படி இலவங்கப்பட்டை ரொட்டியைக் காரமான சில்லிக் குழம்பில் முக்கியபடி அவள் திரையை எட்டிப்பார்த்தான்.

"ஏய், கொம்பே இல்லாததுக்குக் கொம்பு வளையலைன்னு எப்படிப் போட்ட?"

"வளையலைதானே?"

"எங்கிட்ட கார் இல்ல. அதுக்காக என் கார் சிவப்பு இல்ல, என் கார் புதுசு இல்லன்னு தனித்தனியா எழுதுவியா? ஒரே 'இல்ல'யத் திரும்பத் திரும்ப எண்ணியிருக்க. கார் இல்லாதவன் எல்லாரும் அண்ணன் தம்பி ஆயிட்டான்."

"வாய மூடிட்டு ரொட்டியத் தின்னு."

சொன்னாளே தவிர, கை விசைப்பலகைக்குப் போய்விட்டது.

3.
அந்தக் கட்டங்களில் 0வை அழித்து, 'பொருந்தாது' என்று ஒரு கோடு போட்டு மறுபடி கணினியில் ஓட்டினாள். கிளை சிதறியது. கொம்பில்லாதவை மரத்தின் நாலா பக்கமும் போய் உட்கார்ந்துகொண்டன.

[பக்கக் குறிப்பு: பல மென்பொருள்கள் அந்தக் கோட்டைத் 'தெரியாது' என்றே படிக்கின்றன. தெரியாததும் பொருந்தாததும் ஒன்றா? இத்துறையில் இன்னும் ஓயாத சண்டை அது.]

(இங்கே அவளை அழவைத்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். படித்துக் காட்டினேன். "நான் எங்க அழுதேன்? சாப்பிடவே மறந்துட்டேன், அவ்வளவு குஷி!" என்றாள். பத்தியை அடித்துவிட்டேன்.)

4.
கொம்புகள் தனித்தனியே தொலைந்திருந்தால், தடயங்களும் தனித்தனியாக இருக்கவேண்டுமல்லவா? மறுநாள் காலை கொம்பில்லாத வண்டுகளை ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் வைத்தாள். ஒன்றின் நெற்றியில் குண்டூசித் தலையளவு புடைப்பு. இன்னொன்றுக்கு அது தலைக்குப் பின்னாலுள்ள கழுத்துக் கவசத்தில்!

அப்போதுதான் அலறினாள்.

"இர்வின், ஓடி வா! ரெண்டுமே கொம்பத் தொலைச்சிருக்கு. வேற வேற எடத்துல!"

அவன் குனிந்து பார்த்தான். "சாயங்காலப் பேச்சு? 'ஒரே குடும்பம்'ங்கற தலைப்பே போச்சேடி!"

"போகட்டும்டா! ஆனா இந்தப் புடைப்பக் கொம்புன்னு சொல்லலாமா?"

"இத்துனூண்டு. ஜீரோ போடு."

"சின்னதுன்னா இல்லன்னு ஆயிடுமா?"

5.
மாநாட்டில் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் எழுந்து நின்று கைதட்டுவதாக ஒரு முடிவு எழுதினேன். பொய், அவர் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார். தெல்மா பழைய மரத்தை இடப்பக்கமும் புதியதை வலப்பக்கமுமாகத் திரையில் போட்டாள். "நேத்து வரைக்கும் இடது பக்கத்த நம்பினேன். என் தலைப்பு தப்பு," என்றாள். அரங்கில் கைகள் உயர்ந்தன. கடைசியாக அந்த நெற்றியைப் பெரிதாக்கிக் காட்டினாள். கீழே 'கொம்பு உண்டா?' என்று ஒரு கட்டம், காலியாக. பதில்கள் ஒன்றையொன்று மறித்தபடி நடைக்கூடம் வரை வழிந்தன.

நான் அந்தக் கட்டத்தை நிரப்பப்போவதில்லை. நீங்கள் போடுகிற குறியைப் பொறுத்து அந்த வண்டின் சொந்தபந்தம் மாறும். நகத்தால் தடவினால் அந்தப் புடைப்பு தட்டுப்படுகிறது, நிஜமாக. 0? 1? கோடா?

பென்சிலை எடுங்கள்.