எட்டாவது வார்டின் வேகத்தடை

நெல்லிக்குப்பனூரில் வாக்குச்சீட்டு வெறும் தாள். யார் வேண்டுமோ அவர் பெயரை வாக்காளரே எழுதிப் போட வேண்டும். பெயர் எழுதப்படுபவரின் சம்மதம் மட்டும் முன்கூட்டியே வேண்டும். போன தடவை தேரடித் தெரு வேகத்தடைமேல் நோட்டீஸ் ஒட்டி மூன்று நாள் பார்த்தார்கள். மறுப்பு வரவில்லை. எட்டாவது வார்டில் அதுவே ஜெயித்தது. நல்ல உறுப்பினர்தான், எப்போதும் வார்டிலேயே இருந்தது.

கூட்டுறவுச் சங்கத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வுபெற்ற தணிகாசலம், மூன்று தேர்தலாகச் சம்மதம் எழுதிக் கொடுத்து வருபவர். ஒவ்வொரு தடவையும் ஒரே ஓட்டு. அதைப் போட்டது யார் என்று ஊரில் யாரும் கேட்டதில்லை.

இந்த முறை அவருக்கே தன்னைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. இன்னொரு ஜீவனாவது தன் பெயரை எழுதுமா, அதைத் தெரிந்துகொண்டால் போதும். 'வெட்கங்கெட்டவனே' என்று தன்னை வைதுகொண்டு, சீட்டில் வேகத்தடையின் பெயரை எழுதினார்.

முடிவு வந்தது. வேகத்தடை அறுநூற்றுப் பதினொன்று. தணிகாசலம் ஒன்று.

தலைகால் புரியாமல் வீட்டுக்கு ஓடினார். "நீதானே?"

மனைவி கமலவேணி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "நான் எதுக்குங்க பொய் சொல்லணும்? வேகத்தடைக்குத்தான் போட்டேன். அது இருக்கப்போய்தான் பேத்தி தைரியமா சைக்கிள் ஓட்டுறா."

அவர் தேர்தல் அலுவலகத்துக்கு ஓடினார். தேர்தல் அலுவலர் ஆரோக்கியமேரி அந்த ஒற்றைச் சீட்டை எடுத்துக் காட்டினார். எழுத்து கறுப்பாக, அகலமாக, தார் வாசனையோடு இருந்தது.

"நம்ம உறுப்பினர் போட்டது சார். இனிமே பதவி வேணாம்னும் எழுதிக் குடுத்திருச்சு. ஜெயிச்சவங்க விலகினா, அவங்க யார் பேரை எழுதினாங்களோ அவங்கதான் பொறுப்பு ஏத்துக்கணும். காலைல ஆறு மணிக்கு வந்துருங்க."

"ஆபீசுக்கா மேடம்?"

"தேரடித் தெருவுக்கு."

தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்கூட்டரில் அதன்மேல் ஏறி இறங்கும்போதெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார். அதற்குப் போய் இவ்வளவு பெரிய மனசு. கூசிப் போனார்.

மறுநாள் காலை தெரு சமமாகக் கிடந்தது. கமலவேணி அவர் சட்டையில் மூன்று மஞ்சள் பட்டை அடித்துவிட்டாள். "கழுத்து பிடிச்சுக்கும்ங்க" என்று தலையணையும் கொடுத்தாள். அவர் குறுக்காகப் படுத்துக்கொண்டார்.

முதலில் பள்ளிக்கூட வேன் வந்தது. தூரத்திலேயே வேகத்தைக் குறைத்தது. அறுபத்திரண்டு வயதில், அவருக்காக ஒருவர் வேகத்தைக் குறைப்பது அதுதான் முதல் தடவை.

"வணக்கம் சார்" என்றார் டிரைவர்.

"வணக்கம், வணக்கம்" என்றார் தணிகாசலம். வேன் மெதுவாக ஏறி இறங்கிப் போனது.