செத்த கோழிக்கு மஞ்சள்

விடியற்காலை ஐந்து மணிக்கே அதியமான்கோட்டை நெடுஞ்சாலையோரத் தகரக் கொட்டகை கொதித்துக்கொண்டிருந்தது. வெந்நீர்த் தொட்டியின் ஆவியோடு ஈர இறகின் நாற்றம் எழுந்து வந்தது. தலைக்கு மேல் கொக்கிகளைச் சுமந்த சங்கிலி கிறீச்சிட்டு ஓடியது. அதன் கீழே பதினான்கு பெண்கள் முழங்கைவரை நனைந்து நின்றார்கள். இறகு பிடுங்கிப் பிடுங்கி அவர்கள் விரல்நுனிகள் வெந்து வெளுத்திருந்தன.

கத்தி பிடிக்கும் குள்ளம்மாள் ஒரு கோழியைத் தூக்கிக் காட்டினாள்.

"இதுலயும் ரத்தம் வரல மேரி. பன்னெண்டாவது."

சகாயமேரி பார்த்தாள். உயிருள்ள கோழியென்றால் கத்தி பட்டதும் ரத்தம் பீறிடும். இது லாரியிலேயே செத்தது. முன்பெல்லாம் இப்படிப்பட்டதைக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவி மூடுவார்கள். சித்திரை வெயிலில் சாவு கூடியதும் முதலாளி கலைவாணன் புது வழி கண்டுபிடித்தார். செத்ததையும் வெந்நீரில் முக்கு, இறகைப் பிடுங்கு, நீலம் பாரித்த கறிமேல் மஞ்சளைத் தடவி ஐஸில் போடு. மூன்று வாரமாக இதுதான் நடக்கிறது.

"எடுத்து வையிங்கக்கா. இனிமே இதைப் போட வேணாம்."

"வேணாம் மேரி, வம்பு. இந்த வேலை போச்சுன்னா என் வூட்ல அடுப்பு எரியாது" என்றாள் குள்ளம்மாள். அதற்குள் மேரியைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அலுவலகச் சுவரில் சட்டம் போட்ட அவள் படம் தொங்கியது. கீழே, 'உணவுப் பாதுகாப்புப் பொறுப்பாளர்: இ. சகாயமேரி'. போன வருடம் ஒருநாள் பயிற்சிக்கு அனுப்பி, நாலு காகிதத்தில் கையெழுத்து வாங்கி மாட்டியது. உயிரோடு இருக்கும்போதே சுவரில் ஏறிவிட்டாளே என்று பெண்கள் கேலி செய்தார்கள். அவளுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் நாலாவது காகிதத்தைப் படிக்காமல் விட்டாள்.

"பொம்மிடிப் பக்கம் காதுகுத்து விருந்துல முப்பது பேருக்கு வாந்தி பேதியாம். நம்ம கறின்னு எவனோ எழுதிப் போட்டுட்டான். பத்து மணிக்கு அதிகாரி வர்றான்" என்றார் கலைவாணன். "செத்தது கவனிக்காம கலந்துடுச்சு, என் தப்புதான்னு சொல்லிடும்மா. அபராதம் போடுவான், நான் கட்டிக்கறேன்."

"அபராதம் மட்டும்தானுங்களா?"

"வேறென்ன?"

அந்த விருந்துச் சேதி நேற்றே பெண்கள் காதுக்கு எட்டியிருந்தது. பட்டம் படித்துவிட்டு இங்கே பார்சல் கட்டும் தேவிப்பிரியா அப்போதே சட்டத்தை போனில் படித்துக் காட்டியிருந்தாள். கெட்ட கறியால் உடம்புக்குக் கேடு வந்தால் ஜெயில். உயிர் போனால் ஆயுள் தண்டனைவரை போகலாம். அந்த விருந்தில் சாப்பிட்ட குழந்தை ஒன்று இன்னும் குளுக்கோஸ் பாட்டிலோடு படுத்திருந்தது.

"ஜெயிலு இருக்குதுங்க மொதலாளி."

கலைவாணனின் குரல் மாறியது. "சட்டம் பேசறியா? கறியில எது நடந்தாலும் நீதான் பொறுப்புன்னு காகிதத்துல கையெழுத்து போட்டிருக்கே. நீ சொன்னாலும் சொல்லாட்டியும் மாட்டப்போறது நீதான்."

மேரிக்குக் கோபம் ஏறியது. சுவரிலிருந்து படத்தைக் கழற்றிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனவள், சங்கிலியின் சுவிட்சைத் தட்டினாள். இத்தனை வருடத்தில் வேலை நடுவே அந்தச் சங்கிலி நின்றதில்லை.

"என்னடி பண்றே?" பின்னாலேயே ஓடிவந்தார் கலைவாணன்.

"பொறுப்பாளர் நான்தானுங்களே? நீங்கதானே மாட்டி வெச்சீங்க. பொறுப்பாளர் சொல்றேன், இன்னிக்கு இங்கிருந்து ஒரு கோழி வெளிய போவாது."

"இவ கெடக்கறா, நீங்க வேலையப் பாருங்க! நிக்கறவங்க நாளைக்கு வர வேணாம்."

யாரும் நிமிரவில்லை. குள்ளம்மாள் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சனிக்கிழமையானா ஆளுக்கொரு கவர் காலும் ஈரலும் எடுத்துட்டுப் போவோமே, மூணு வாரமா யாராச்சும் தொட்டோமா?" சங்கிலிக்குக் கீழே நடந்துகொண்டே கேட்டாள் மேரி. "நம்ம புள்ளைங்களுக்கு ஆவாதுன்னு நமக்குத் தெரியும். ஊரார் புள்ளைய ஊட்டி வளர்த்தா தன் புள்ளை தானா வளரும்பாங்க. நாம ஊட்டுனது என்னன்னு பாருங்க. சொன்னது மொதலாளி, மஞ்சள் தடவுனது என் கையுந்தான்."

அந்தப் பேச்சு எல்லோருக்கும் சுருக்கென்று தைத்தது. யாரும் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாமல்தான் அந்தக் கவர்களைத் தொடாமல் விட்டிருந்தார்கள்.

"உண்மையச் சொன்னா நம்ம மேலயும் கேஸ் வரலாங்க்கா" என்றாள் தேவிப்பிரியா.

"வரட்டும்."

தேவிப்பிரியா முதல் ஐஸ் பெட்டியைத் திறந்தாள். இன்னொருத்தி கை கொடுத்தாள். மஞ்சளைக் கழுவி, நீலம் பாரித்த கோழிகளைப் பொறுக்கி, வாசல் மண்ணில் வரிசையாகக் கிடத்தினார்கள். வெயில் ஏற ஏற ஈ மொய்த்தது.

"போலீஸைக் கூப்பிடுவேன்!" என்று கத்தினார் கலைவாணன்.

"கூப்பிடுங்க. அவங்களும் பாக்கட்டும்" என்றாள் தேவிப்பிரியா.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. முதலாளி முந்திக்கொண்டு கைகூப்பினார். அதிகாரி அவரையும் மண்ணில் கிடந்தவற்றையும் மாறி மாறிப் பார்த்தார். இவர் யார் பக்கம் என்று யாருக்கும் தெரியாது.

"இங்க பொறுப்பு யாரும்மா?"

மேரி படத்தோடு ஓரடி முன்னே வைத்தாள். அதிலிருந்த தன் பெயரை அவரிடம் காட்டினாள்.

"செத்ததையும் போடச் சொன்னது அவருங்க. செஞ்சது நாங்க பதினாலு பேரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "எல்லாம் சொல்றோம், எழுதிக்குங்க சார். மொதப் பேரு குள்ளம்மாள்."

கத்தி பிடித்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவள் மேரிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.