பத்து நொடிக்கு ஒரு படம்

அன்று அவள் கடைசியாகச் செய்த சாதாரணக் காரியம், காபியை எடுத்துக்கொண்டு கத்தரிச்செடி வரைக்கும் போய், கொடுக்காமலே திரும்பி வந்ததுதான்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அவள் கணவருக்குப் பூச்சிகளைக் கிட்டத்தில் படமெடுப்பதில் பித்து. ஞாயிறு விடிந்தால் தோட்டத்தில் குப்புறப் படுத்துவிடுவார். அப்போது யாரும் கூப்பிடக் கூடாது, பக்கத்தில் நடக்கக் கூடாது. இலை மயிரிழை அசைந்தாலும் படம் கெட்டுப்போகும்.

"வண்டுக்குக் குடுக்கிற மரியாதைல கால்வாசி எனக்குக் குடுக்கலாம்ல?" என்பாள்.

"நீ அசையாம இரு, உன்னையும் எடுக்கிறேன்."

அன்று ஒரு பொறிவண்டு கூட்டை உடைத்து வெளிவருவதற்காகக் காத்திருந்தார். பத்து நொடிக்கு ஒரு படம் தானாகவே எடுக்கும்படி கேமராவை வைத்திருந்தார். அது அவளுக்குத் தெரியாது. நெற்றியை முழங்கையில் சாய்த்திருந்தார், அதுவும் வழக்கம்தான். க்ளிக் என்றது. வேலையில் இருக்கிறார் என்று பூனைபோல் திரும்பிவிட்டாள். சமையலறை ஜன்னலில் அந்தச் சத்தம் நாற்பது நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தது. பேட்டரி தீர்ந்து அது நின்ற பிறகுதான் கூப்பிட்டாள்.

இதயம் நின்று வெகுநேரமாகிவிட்டது என்றார் டாக்டர்.

ஒரு மாதம் கழித்து மகள் அந்தப் படங்களைக் கணினியில் போட்டாள். வேண்டாமென்று எவ்வளவோ சொல்லியும் அம்மா விடவில்லை. காபியோடு போனபோது அவருக்கு உயிர் இருந்ததா, அது ஒன்றுதான் அம்மாவுக்குத் தெரிய வேண்டும்.

முதல் படங்களில், இலை ஆடாமல் தாங்கிய அவர் விரல்நுனி ஓரத்தில் தெரிந்தது. ஐம்பத்திரண்டாவதில் விரல் இல்லை. இலை லேசாகச் சரிந்திருந்தது. எழுபதாவது படம் மட்டும் இருண்டிருந்தது. குனிந்து பார்த்த அம்மாவின் நிழல்.

விரல் விலகியதிலிருந்து நிழல் விழுந்தது வரைக்கும் அம்மாவே கணக்குப் போட்டாள்.

"மூணு நிமிஷம்."

"நீ கூப்பிட்டிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காதும்மா."

"கூப்பிட்டிருந்தா, அது தெரிஞ்சிருக்கும்டி."

கணினியை மூடப்போன மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். மிச்சத்தையும் வரிசையாகப் பார்த்தார்கள். கூடு பிளந்தது. வண்டு வெளியே வந்தது, ஈரமாக, வெளிர்மஞ்சளாக. நிறம் ஏறி, புள்ளிகள் தெரிய இன்னும் சில மணி நேரம் ஆகுமென்று மகள் மெல்லச் சொன்னாள்.

முந்நூற்றுப் பன்னிரண்டாவதுதான் கடைசிப் படம். அதில் வண்டின் முதுகில் ஒரு புள்ளிகூட இல்லை.