பெயர் சொல்லாத முறைப்பாடு

1968 ஆவணியில், கேகாலைப் பக்கத்துப் பொலிஸ் நிலையம் ஒன்றுக்கு மனுக் கொடுக்கப் போயிருந்தேன். சுற்றிலும் ஆறு றப்பர் தோட்டங்கள். எங்கள் தோட்டத்து ஆட்களின் பாஷையான தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவரையாவது அங்கே போடவேண்டும் என்பதே மனு.

எனக்கு முன்னால் புஷ்பம் என்ற பெண் நின்றாள். றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். வேறு தோட்டமானபடியால் எனக்குப் பழக்கமில்லை. அவளுடைய புருஷன் இரண்டு நாளாக வீடு வரவில்லை. அவிசாவளை வீதியில் லொறி ஒன்று கவிழ்ந்ததாகக் கேள்விப்பட்டு ஓடி வந்திருந்தாள்.

எனக்கு வியப்பு என்னவென்றால், அவள் சிங்களம் என்னைவிட நன்றாகப் பேசினாள். புருஷன் புறப்பட்ட நேரம், கட்டியிருந்த சாரத்தின் நிறம் எல்லாம் தடங்கலின்றிச் சொன்னாள். புருஷனின் பெயரைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டாள்.

சார்ஜன்ட் திரும்பக் கேட்டார். தலையைக் குனிந்தாள். மூன்றாம் தரம் அவருக்குச் சந்தேகமே வந்துவிட்டது. பேர் தெரியாத புருஷனா, நீ அவனுக்கு உண்மையில் யார் என்று துருவத் தொடங்கினார். தாலி கட்டியவர் பெயரை எங்கள் பெண்கள் சொல்ல மாட்டார்கள் என்று நான் குறுக்கிட்டு விளக்கினேன். சார்ஜன்டோ, தன் மனைவி தெருவுக்கே கேட்கத் தன் பெயரைக் கூவுகிறாள் என்று சிரித்தார். அப்படியானால் நீ சொல்லு என்றார். எனக்குத் தெரிந்தால்தானே.

அப்படியென்றால் பாஷை மட்டும் போதாதோ என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கிழமைதான் மாவனல்லையிலிருந்து மாற்றலாகி வந்த கான்ஸ்டபிள் முக்தார், லொறி விபத்தில் காயப்பட்டவர்களின் பட்டியலோடு அவளிடம் வந்தார்.

“எங்கட உம்மாவும் வாப்பாட பேரச் சொல்ல மாட்டா. நீங்க சொல்ல வேணாம் தங்கச்சி. நான் வாசிக்கிறன். சரியான பேரு வந்தா தலைய ஆட்டுங்க.”

இத்தனை மனு எழுதிய எனக்கு இந்த வழி தோன்றவில்லை.

ரத்னபால என்றார். அவள் அசையவில்லை. ஏழுமலை என்றார். அதற்கும் அசையவில்லை. பட்டியலில் இன்னும் ஒரே ஒரு பெயர்தான்.

“மூக்கையா.”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள்.

சார்ஜன்ட் தானே கரவனெல்ல ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் எடுத்தார். கால்தான் முறிந்திருக்கிறது, உயிருக்கு மோசமில்லை, பெண்சாதி புஷ்பத்துக்குச் சொல்லியனுப்பும்படி ஆஸ்பத்திரி வாட்டில் எல்லாரையும் கேட்கிறானாம் என்று அவளிடம் சொன்னார்.

புஷ்பம் சுவரோரம் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெதுவாக முக்தாரைக் கேட்டாள்.

“எல்லார்கிட்டயுமா எம் பேரச் சொன்னாரு?”

ஓமென்றார். கரவனெல்ல பஸ் எத்தனை மணிக்கென்று கேட்டுக்கொண்டே எழுந்தாள்.