ஆற்றின் அகலம்

கல்லூரிக் கணித மன்றத்தின் ஆண்டுத் திட்டத்தை ராயிம்பெக் ஒரே மூச்சில் எழுதிவிட்டான். மாதம் ஒரு போட்டி. கடைசியில் பேச, தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து ஒரு பேராசிரியர். அவன்தான் மன்றத்தின் தலைவன், போட்டிகளில் பதக்கங்கள் வாங்கியவன். அவன் திட்டத்தைப் படித்துக் காட்டி முடித்ததும் இரண்டாமாண்டு மாணவி பெர்மெட் வாயைத் திறந்தாள்.

"அத்தனை போட்டியிலயும் ஜெயிக்கப்போறது நீங்களும் உங்க ரெண்டு கூட்டாளிங்களும்தானே அண்ணே? போன வருஷம் முதல் வாரம் பத்தொன்பது பேர் வந்தோம், கடைசியில நீங்க மூணு பேர்தான் மிச்சம். நான் முட்டை மார்க் வாங்கிட்டு ஓடினவ."

"சரி, நீயே சொல்லேன்."

"நரின் ஆத்தோட அகலத்தை அளப்போம். தண்ணியில கால் வைக்காம."

அவன் சிரித்துவிட்டான். "அது எட்டாம் வகுப்பு முக்கோணமாச்சே!"

"அதனாலதான். எட்டாவது எல்லாரும் படிச்சிருக்காங்க."

சனிக்கிழமை இருபத்தேழு பேர் வந்தார்கள், கால்நடை மருத்துவம் படிக்கிறவர்கள் உட்பட. எதிர்க்கரையில் தனியாக நின்ற பாப்லர் மரத்தைப் பெர்மெட் காட்டினாள். அதற்கு நேர் எதிரிலிருந்து கரையோரமாக இருபது மீட்டர் போய் ஒரு குச்சி நட்டார்கள். இன்னும் இருபது மீட்டர் தள்ளி, ஆற்றுக்கு முதுகைக் காட்டி நேராக நடந்தார்கள். திரும்பித் திரும்பிப் பார்த்து, குச்சியும் மரமும் ஒரே கோட்டில் தெரிந்ததும் நின்றார்கள். குச்சிக்கு இரு பக்கமும் உள்ள முக்கோணங்கள் சமம் என்பதால், அப்படி நடந்த தூரம்தான் ஆற்றின் அகலம். கயிறு பிடிக்க, குச்சி நட, ஒற்றைக் கண்ணால் பார்க்க என்று எல்லாருக்கும் வேலை இருந்தது. இரண்டு குழுக்களாகப் பிரிந்து அளந்தார்கள்; இரண்டுக்கும் விடை நாற்பத்தேழு மீட்டர்.

ராயிம்பெக் தனியாக அளந்தான். மரத்துக்கு நேர் எதிரிலிருந்து, அது நாற்பத்தைந்து பாகையில் தெரியும்வரை, கைபேசியில் கோணம் பார்த்தபடி கரையோரம் நடந்தான்; அந்தக் கோணத்தில் நடந்த தூரமும் அகலமும் சமம். மொத்தம் அறுபத்தோரு எட்டு வைத்திருந்தான்.

"அறுபத்தோரு மீட்டர்!" என்றான் உறுதியாக.

பெர்மெட் சிரிக்கவில்லை. "அண்ணனோட முறையில தப்பில்ல. வேற எங்கயோ இருக்கு. தேடுங்க."

கூட்டமே தேடியது, கோணம், மரம், சரிவு என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். கால்நடை மருத்துவ மாணவன் சமத் மட்டும் ராயிம்பெக்கின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, இன்னொரு தடவை நடங்க."

கயிறு வைத்து அளந்தால், ஓர் எட்டுக்கு எழுபத்தேழு சென்டிமீட்டர்தான் வந்தது; அறுபத்தோரு எட்டுக்கு அதே நாற்பத்தேழு மீட்டர்.

"அண்ணன் காலு மீட்டருக்கு எட்டலடா!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

ராயிம்பெக்குக்குக் காது சிவந்தது. ஆனாலும் அவனும் சேர்ந்து சிரித்தான். ஒரு கணக்குக்காக இத்தனை பேர் தொண்டை வறளச் சண்டை போட்டு அவன் பார்த்ததில்லை. கணக்கைப் போட அவனுக்குத் தெரியும். எல்லாரும் கை வைக்கக்கூடிய கணக்கைத் தேர்ந்தெடுக்க இந்தப் பெண்ணுக்கல்லவா தெரிந்திருக்கிறது!

தேநீரும், எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டித் துண்டுகளும் கைமாறின. "அடுத்த வாரம் என்ன பண்ணலாம்?" என்று அவளிடமே கேட்டான்.

"சமத்தைக் கேளுங்க. வைக்கோல் போரை எடை போடாமலே எடை சொல்லணுமாம்."

தன் பழைய திட்டத் தாளின் பின்பக்கத்தைத் திருப்பி, எழுதிக்கொள்ளத் தயாராக ராயிம்பெக் சமத் பக்கத்தில் உட்கார்ந்தான்.